கரண்ட் வந்தால் கத்த வேண்டும்

செப்டம்பர் 3, கோவை

பெட்டி கட்டினேன். ஸ்வெட்டர் இரண்டு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பழைய டியூப்லைட் பட்டி ஒன்று. டியூப்லைட் பின்லாந்திலேயே கிடைக்கும், சுமந்து வர வேண்டாம் என்று விழாக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கிடைக்கும். எரிவதற்கு முன்னால் நாலு தடவை கண் சிமிட்டுகிற டியூப்லைட் கிடைக்காது. அதனால் சுமந்துதான் போகிறேன்.

விஷயத்தை ஒரே தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நானும் குணாளனும் 'எதிர்வீடு' என்ற பெயரில் மின்னணுக் கலை செய்கிறோம். நான் கலைக் கல்லூரியில் பாடம் எடுப்பவள். அவர் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவு. யோசனை, அறை அமைப்பு, வாய் எல்லாம் நான். சர்க்யூட், புரோகிராம், மௌனம் எல்லாம் அவர். ஜனவரியில் துர்க்கு என்ற ஊரில் நடக்கும் மின்னணுக் கலை விழாவுக்கு விண்ணப்பித்தோம். மார்ச்சில் விவாகரத்துக்கு விண்ணப்பித்தோம். இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்டன.

இருவரும் சம்மதித்துப் பிரிகிற வகை. யோசிப்பதற்குச் சட்டம் ஆறு மாதம் கொடுத்தது. இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி நீதிபதி மறுபடியும் கூப்பிட்டு, இன்னும் சம்மதம்தானா என்று கேட்பார். ஆமாம் என்றால் முடிந்தது. பிள்ளைகள் இல்லை, அதனால் மனு ஒரு பக்கம் குறைவு. வக்கீலம்மா என்னை முதல் மனுதாரர் என்றும் அவரை இரண்டாம் மனுதாரர் என்றும் எழுதியிருக்கிறார். பழகிக்கொள்ள வேண்டுமே என்று நானும் இந்த டைரியில் இனி அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் மனுதாரர் கையெழுத்துப் போட்ட அன்று வக்கீலம்மா, "படிச்சுப் பாத்தீங்களா? ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினார். பேனா எழுதவில்லை. உதறினார், மறுபடியும் எழுதவில்லை, மறுபடியும் உதறினார். அந்தப் பேனா காட்டிய எதிர்ப்பைக்கூட இந்த மனுஷன் காட்டவில்லை. சொல்ல வந்தது அதுவல்ல. விழா அழைப்பு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, ஒருவர் கழன்றால் ரத்து. ஆகவே போகிறோம். வேலையைப் பற்றி மட்டும் பேசுவது என்று ஒப்பந்தம். அவருக்கு அது ஒரு சிரமமே இல்லை.

செப்டம்பர் 5, விமான நிலையம்

சோதனையில் மைக்கைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாம் மனுதாரர் அதைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார், பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"என்ன சார் இது?" என்றார் காவலர். சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "கலைப்பொருளுங்க. கரண்ட் போயிட்டுத் திரும்ப வந்தா ஜனங்க கத்துவாங்கல்ல, அதைக் கேக்கறதுக்கு."

"ஏஏய்ன்னு கத்துவோமே, அதுக்கா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னார். அவரும் சிரித்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு கலைப்படைப்பு இவ்வளவு வேகமாக ஒருவருக்குப் புரிந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 6, துர்க்கு

வந்து சேர்ந்தோம். சுத்தமான ஊர், நடுவில் ஓர் ஆறு. ஆற்றுக்குச் சத்தம் இல்லை.

கழுத்தில் மாட்டிக்கொள்ள 'கலைஞர்' என்று எழுதிய அட்டை கொடுத்தார்கள். ஓட்டலில் ஒரே அறை, ஒரே கட்டில், தம்பதிக்கு என்று சாக்லேட் வைத்திருந்தார்கள். இரண்டாம் மனுதாரர் சோபாவில் படுத்துக்கொள்வதாகக் கையால் காட்டினார். சோபா சிறியது, அவர் ஆறடி. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் போர்வையை எடுத்துச் சோபாவில் போட்டேன். எனக்குப் புழுக்கமாக இருந்தது, அதனால்தான்.

சாக்லேட்டை நான் தின்றேன்.

செப்டம்பர் 7

நாள் முழுக்க அறை அமைப்பு. விழா நடப்பது பழைய கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றில். எங்களுக்கு ஒரு மூலை அறை.

படைப்பின் பெயர் 'வந்துருச்சு'. உள்ளே நம் ஊர் வீட்டு ஹால் ஒன்று: நாள்காட்டி, எவர்சில்வர் டம்ளர், ஃபேன், இரண்டு நாற்காலி, டியூப்லைட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரையில் எதிர்வீடு. திடீரென்று எல்லாம் அணையும். ஃபேன் ஓய்ந்து நிற்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டிலும் இருட்டாக இருக்கும். நமக்கு மட்டும் போகவில்லை, எல்லாருக்கும் போயிருக்கிறது என்று ஒரு நிம்மதி வரும். கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார வேண்டும். பிறகு கரண்ட் வரும். அந்த நொடியில் உள்ளே இருப்பவர்கள் கத்துவதை மைக் கேட்கும். சத்தம் லெவலைத் தாண்டினால் கரண்ட் போகாமல் நிற்கும், வீடு வீடாகவே இருக்கும். ஒருவரும் கத்தாவிட்டால் ஒரு மூச்சு நேரத்தில் மறுபடியும் அணைந்துவிடும்.

கோவையில் எங்கள் குடியிருப்பு ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது முதல் தடவையிலேயே வேலை செய்தது. மாடிவீட்டு சரோஜாக்கா கத்தியதில் லெவல் முள் ஒடியப் பார்த்தது.

எங்கள் அறைக்குக் காவல் பீர்யோ என்ற அம்மாள். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், விழாவுக்குச் சம்பளமில்லாமல் உதவ வந்திருக்கிறார். பக்கத்து அறையில் போர்ச்சுகல்காரர் ஒருவர். அவருடைய கற்றாழை மூச்சு விடுவதை இசையாக மாற்றுகிறார். மதியம் சோதனைக்கு நான் கத்தினேன். கற்றாழை பதறிவிட்டது என்று வந்து சொன்னார்.

லைட் நின்று எரிந்தது. இரண்டாம் மனுதாரர் கட்டைவிரலை உயர்த்தினார். இன்றைய எங்கள் உரையாடல் அதுதான்.

செப்டம்பர் 8

தொடக்க விழா. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். அது என் படைப்பின் பகுதியா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

செப்டம்பர் 9

முதல் நாள் காட்சி. ஒருவர்கூடக் கத்தவில்லை.

நல்ல கூட்டம். பன்னிரண்டு பேராக உள்ளே விட்டோம். கரண்ட் போனது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கவும் ஆளில்லை. இருட்டில் அழகாக உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்தது. டியூப்லைட் நாலு தடவை சிமிட்டி எரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், லேசாகப் புன்னகைத்தார்கள், தரையைப் பார்த்தார்கள். அணைந்தது. மறுபடியும் வந்தது. புன்னகை. அணைந்தது. வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக் கிசுகிசுப்பாக நன்றி சொன்னார்கள்.

நாள் முழுக்க இப்படியே. ஒரு மனிதர் தும்மினார். நான் ஆசையாக எட்டிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கரண்ட் வந்தால் கத்தாத மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஒரு வருடம் இதைக் கட்டியிருக்கிறோம். அத்தனை வாதம், அத்தனை வரைபடம், எந்த மைக், எந்த ஃபேன் என்று அத்தனை சண்டை. சண்டை என்றால் நான் போட்டது. பசித்தால் வயிறு கூப்பிடுகிற மாதிரிதான் கத்துவதும் என்று நினைத்திருந்தோம்.

பீர்யோவிடம் கேட்டேன்: "உங்கள் ஊரில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்?"

அவர் நன்றாக யோசித்துச் சொன்னார்: "அடுப்பில் இருக்கும் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்போம்."

செப்டம்பர் 10

உள்ளூர்ப் பத்திரிகையில் எங்களைப் பற்றிப் பாதிப் பக்கம். பீர்யோ மொழிபெயர்த்துச் சொன்னார். தலைப்பு, 'இருட்டின் பணிவு'. "ஒளி வருகிறது, நிலைப்பதில்லை. எதையும் எதிர்பார்க்காமல் இருக்க இந்த இந்தியத் தம்பதி நமக்குக் கற்றுத்தருகிறார்கள். அவர்களுடைய ஒற்றுமையான மௌனம் அறை முழுவதும் நிறைந்திருக்கிறது."

விழா இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை மௌனமானவள் என்று எழுதியிருக்கிறார்கள், அதுவும் அச்சில்.

மதியம் இரண்டாம் மனுதாரரிடம் சண்டை. வேலையைப் பற்றிய சண்டை, ஒப்பந்தத்துக்கு உட்பட்டது.

"லெவலக் கொறைச்சுப் போடட்டா?" என்றார். "மூச்சு விட்டாலே நிக்கற மாதிரி வெச்சரலாம்."

"மூச்சு விட்டதுக்கெல்லாம் லைட் எரியக் கூடாதுங்க. ஒருத்தன் வாயத் தொறந்து கேக்கோணும். வேணும்னு காட்டோணும். சும்மா உக்காந்திருந்தா எல்லாம் தானா நடக்குமுங்களா? நடக்கும்னு நெனச்சு உக்காந்திருக்கற ஆளுகளுக்கு இருட்டுத்தான். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்!"

கோவைக்காரர்களுக்கு ஒரு சங்கடம், சண்டையிலும் 'ங்க' போட்டாக வேண்டும்.

அவர் லேப்டாப்பை மூடினார். "சரி" என்றார். அவ்வளவுதான். இந்த 'சரி'யை நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுவரில் பந்தடித்தால் பந்தாவது திரும்பி வரும்.

இருட்டின் பணிவாம்!

செப்டம்பர் 11

நானே கத்துவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கூட்டத்தோடும் உள்ளே போய் உட்கார்ந்தேன். கரண்ட் வந்ததும் "ஏஏஏய், வந்துருச்சு!" என்று கத்தினேன். லைட் அணையாமல் நின்றது. பார்த்தீர்களா, இப்படித்தான், இனி நீங்கள் என்றேன். கைதட்டினார்கள். அடுத்த தடவை கரண்ட் வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே கத்தினேன். மறுபடியும் கைதட்டினார்கள். இருட்டும் பெண்ணும் என்று நிகழ்த்துகலை பார்ப்பதாக நினைத்துவிட்டார்கள். மாலையில் எனக்காகவே வரிசை நின்றது.

'கத்தவும்' என்று பலகை வைக்கலாமே என்றார் இயக்குநர். சிரிப்பு வந்தால் சிரிக்கவும் என்று எங்காவது பலகை வைப்பார்களா? மாட்டேன் என்றேன்.

போர்ச்சுகல்காரர் கற்றாழைக்குக் கண்ணாடி மூடி வாங்கிவிட்டார்.

பீர்யோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தார். இரண்டாம் மனுதாரர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. திரைக்குப் பின்னால் நின்று லெவல் பார்த்தார்.

இங்கே ஒன்றை எழுதி வைக்கிறேன், தகவலுக்காக. ஊரில் கரண்ட்டே இல்லாத அந்த வருடங்களில் எங்கள் எதிர்வீட்டில்தான் இவர் குடும்பம் குடியிருந்தது. பேசாத பையன், தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். கரண்ட் வந்தால் மட்டும் எதிர்வீட்டிலிருந்து ஒரு கத்தல் வரும், தெரு நாயெல்லாம் எழுந்து நிற்கும். இவ்வளவு சத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு இந்த ஆள் எப்படிச் சும்மா இருக்கிறான் என்று எனக்கு ஆச்சரியம். அந்தச் சத்தத்தை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். படைப்பின் பின்னணி என்று இதை யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 12

குரல் போய்விட்டது. கொஞ்சம் இல்லை, முழுசாக. வாயைத் திறந்தால் காற்று வருகிறது.

மருந்துக்கடைப் பெண் மாத்திரை கொடுத்து, பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். எழுதிக் காட்டுவதற்கு என் ஃபோன்.

அறை பழையபடி இருட்டாகிவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு மகிழ்ச்சி.

இரண்டாம் மனுதாரர், "சுடுதண்ணி வெக்கட்டா?" என்று கேட்டார். இது வேலை சம்பந்தப்பட்டதல்ல. விதிமீறல் என்று குறித்துக்கொள்கிறேன். தண்ணீர் குடித்தேன்.

செப்டம்பர் 13

ஆள் பேசுகிறார்!

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். "இந்தக் கறுப்பு ரொட்டி பரவால்ல சுகந்தி, புளிக்காய்ச்சல் தடவிக்கிட்டா நல்லாருக்குது." பிறகு ஆற்றைப் பற்றி. பிறகு அவருடைய கம்பெனியில் வந்த புது மேலாளர் பற்றி. பிறகு சோபாவில் ஒரு ஸ்பிரிங் உடைந்திருப்பது பற்றி. நான் எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தேன். பதில் சொல்ல முடியாத நிலையில் ஒருவர் பேசுவதைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அறை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கினார். நிருபர்களிடம் பேசினார். போர்ச்சுகல்காரரிடம் பேசி, கற்றாழைக்கு எந்த சென்சார் என்று கேட்டு, அதில் ஒரு வயரை மாற்றிக் கொடுத்து, இரண்டு பேரும் காபி குடித்தார்கள். அந்த ஆளின் பெயர் துவார்த்தே, அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது வரை தெரிந்துகொண்டு வந்தார். என் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்த மனுஷன் இவர்.

ஃபோனில் எழுதிக் காட்டினேன்: 'இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தீர்கள்?'

படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாடா, பழைய ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ பேசறப்ப எடமில்ல சுகந்தி" என்றார். "இப்ப நீ பேசறதில்ல. ரெண்டுல ஒருத்தராச்சும் பேசோணுமல்ல."

எனக்குக் கோபம் வந்தது. எழுதினேன், அழித்தேன், எழுதினேன். ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 14

கலைஞர் உரை. நான் பேசுவதாக இருந்தது. இரண்டு மாதமாகத் தயாரித்த உரை, நடுவில் இரண்டு நகைச்சுவை. குரல் இல்லாததால் அவரை மேடையில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும்.

என் உரையை அவர் கையிலேயே எடுக்கவில்லை. சர்க்யூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ஏன் கத்தல்? கைதட்டினால், பொத்தானை அழுத்தினால் போதாதா?"

அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இங்கிலீஷில்தான் சொன்னார். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எங்க வீட்ல யாரும் பேச மாட்டாங்க. சாப்பிடறப்ப தட்டுச் சத்தம்தான் கேக்கும். எனக்குப் பேசிப் பழக்கம் இல்ல. எதிர்வீட்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. கரண்ட் போனதும் வெளிய வந்து எங்க வீட்டப் பாக்கும், எங்களுக்கும் போயிருக்குதான்னு. கரண்ட் வந்ததும் அது கத்தற கத்தல்ல தெருவே ஆடும். ஒரு நாள் அது கத்துச்சு, நானும் திருப்பிக் கத்துனேன். ஏன்னு தெரியல. அது சிரிச்சுது. அதுக்கப்பறம் கரண்ட் எப்பப் போகும்னு பாத்துட்டு இருப்பேன். ஊரே திட்டிட்டு இருந்துச்சு. நான் மட்டும் போகோணும் போகோணும்னு வேண்டிட்டு இருந்தேன்."

கூட்டம் சிரித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியின் லேபிளைப் படித்தேன். பின்னிஷ் மொழி.

"கல்யாணம் ஆச்சு" என்றார் அவர். "அப்பறம் கொஞ்ச நாள்ல ஊர்ல கரண்ட் சரியாயிருச்சு. போறதே இல்ல. எனக்குக் கத்தறதுக்கு வேற சந்தர்ப்பம் எதுன்னு தெரியல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கைக் கீழே வைத்தார். அப்புறம் எடுத்து, "நன்றி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வைத்தார்.

முதலில் கத்தியவர் அவர்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரோ என்னைச் சொல்கிறார். மறுத்துப் பேசத் தொண்டை இல்லை. இது நியாயமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மாத்திரை காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 15

கடைசி நாள். நேற்று உரை கேட்டவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வந்திருந்தார்கள்.

முதல் கூட்டம். கரண்ட் போனது. பெரியவர் ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்தார். "அங்கேயும் போயிருக்கிறது" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கரண்ட் வந்தது. மௌனம். அணையப்போகிறது என்று நினைத்தேன்.

வாசலில் நின்றிருந்த பீர்யோ கத்தினார். ஐயோ, என்ன கத்தல்! நூலகத்தில் வருடக்கணக்காகச் 'சத்தம் போடாதீர்கள்' என்று சொல்லிச் சேர்த்துவைத்த சத்தம் முழுவதையும் கொட்டிவிட்டார். அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஒருவர், இன்னொருவர், பிறகு எல்லாருமே. துவார்த்தே பக்கத்து அறையிலிருந்து கத்தினார். லைட் நின்றது. நின்று எரிந்தது. மதியத்துக்குமேல் வெளியே வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். இயக்குநருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருட்டு அவருக்குப் பிடித்திருந்தது.

வெளிச்சத்தில் அந்த அறையை ஜனங்கள் இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தார்கள். நாள்காட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியின் முதுகில் குணாளனின் பச்சைத்துண்டு தொங்குகிறது. வீட்டில் எப்படிக் கிடந்ததோ அப்படியே நான் இங்கே போட்டிருந்தேன். இது யாருடைய வீடு என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வீடு" என்றார் குணாளன். சட்டப்படி இன்னும் நாலு நாளைக்கு அது சரிதான்.

அவர் மட்டும் கத்தவில்லை. கடைசிக் கூட்டத்தில், கடைசித் தடவை கரண்ட் வந்தபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே கத்தியது. அவர் லேப்டாப்பில் லெவல் பார்த்தார்.

செப்டம்பர் 16

அறையைப் பிரித்தோம். பச்சைத்துண்டை யார் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. என் பெட்டியில் இடம் இருந்தது.

பீர்யோ கட்டிப்பிடித்து வழியனுப்பினார். அவருக்கும் குரல் இல்லை.

செப்டம்பர் 18, கோவை

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் வீங்கியிருக்கிறதாம். "ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. எதுக்கும்மா இப்பிடிக் கத்துனீங்க?" என்றார். 'கலை' என்று எழுதிக் காட்டினேன். சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். "பரவால்ல சுகந்தி, ஜட்ஜம்மா கேட்டா நீங்க தலையாட்டுனா போதும். அவரு வாயால சொல்லிருவாரு" என்றார்.

விமான நிலையத்திலிருந்து குணாளன் சிங்காநல்லூரில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டியை என் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆட்டோக்காரர் கிளப்பிவிட்டார். எனக்கு நிறுத்தச் சொல்லக் குரல் இல்லை.

சுடுதண்ணீர் நானே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19

கோர்ட்டுக்கு இஸ்திரி போட்ட புடவையில் போனேன். இவர் துர்க்குவுக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே சட்டை. பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தோம். அந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இன்னொரு வழக்குக்காரர்.

கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். சான்றிதழைப் படித்தார்.

"குரல் போயிருச்சா? சரிம்மா, நீங்க இருங்க." இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஆறு மாசம் யோசிச்சாச்சு. பிரியறதுக்கு இப்பவும் உங்களுக்குச் சம்மதம்தானே?"

இவர் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை, அதை நான் கவனித்தேன்.

"கேக்கலைங்க" என்றார் நீதிபதி. "ஃபேன் சத்தத்துல ஒண்ணும் விழல. சத்தமாச் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. ஒரு மூச்சு நேரம் போயிற்று. அவ்வளவுதான், அணையப்போகிறது என்று நினைத்தேன்.

"சம்மதம் இல்லீங்க!"

கத்தினார். சத்தியமாக, கத்தினார். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை எடுத்துவிட்டார். எங்கள் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். வக்கீலம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

"இவ்வளவு சத்தம் வேண்டாங்க" என்றார் நீதிபதி. பிறகு என்னிடம், "நீங்க என்னம்மா சொல்றீங்க? சிரிக்கறீங்களா, அழறீங்களா?"

எனக்கும் தெரியவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன், இல்லை என்று. எதற்கு இல்லை என்று அவர் கேட்கவில்லை. எதையோ எழுதினார், மனு தள்ளுபடி என்றார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தோம். ஆட்டோவில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லட்சுமி மில் தாண்டியதும் ஃபோனை எடுத்து எழுதிக் காட்டினேன்: 'லெவல் எவ்வளவு இருந்திருக்கும்?'

இவர் வாங்கிப் படித்தார். சோதனைப் பிரிவில் இருப்பவர், யோசிக்காமல் பதில் சொல்ல மாட்டார். நிதானமாக யோசித்தார்.

"போதும்" என்றார். "அணையாது."